மேல்வீட்டுச் சால்வை

ஹத்துமேரா சுகாதார நிலையம்
அக்டோபர் 9, 2016

அக்காவுக்கு,

உன் மேல் கோபமாக இருக்கிறேன். இதை முதல் வரியிலேயே எழுதிவிட்டால் மீதியை நிம்மதியாக எழுதலாம் என்று பார்த்தேன். தலைநகர் டிலியில் பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவில் எனக்கு இடம் இருந்தது. நீ கையெழுத்துப் போட்டு என்னை இந்த மலைக்கு ஏற்றிவிட்டாய். "சொந்தத் தம்பியையே அனுப்பிட்டேன், இனிமே எவன் வாயைத் திறப்பான்" என்று சுகாதார அமைச்சக அலுவலகத்தில் சொன்னாயாமே. கேள்விப்பட்டேன். திட்டத்துக்குப் பலி கொடுக்க வீட்டிலேயே ஒரு கிடா இருந்தது உனக்கு.

உன் புதுத் திட்டம் எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். முன்பெல்லாம் ஜனங்கள் நடந்து வந்து நிலையத்துத் திண்டில் காத்திருந்தார்கள். இப்போது நான் வீடு வீடாக நடக்கிறேன். பிரசவ அறையைப் பூட்டியாயிற்று. பிரசவம் என்றால் இனி கீழே, ஆற்றைத் தாண்டி, மாவட்ட ஆஸ்பத்திரி. நாள் நெருங்குவதற்கு முன்பே போய் அங்கே கர்ப்பிணிகள் தங்கும் வீட்டில் இருக்க வேண்டும் என்பது உன் விதி. இங்கே யாரும் போவதில்லை. மழை வந்துவிட்டால் போக நினைத்தாலும் ஆறு விடாது.

இந்த ஊரில் இரண்டு குலவீடுகள். மேல்வீடு, கீழ்வீடு என்று சொல்கிறார்கள். ஊரில் எல்லோரும் இரண்டில் ஒன்றைச் சேர்ந்தவர்கள். மேல்வீடு பல தலைமுறையாகக் கீழ்வீட்டுக்குப் பெண் கொடுக்கிறது. நீங்கள் கொடுத்த வரைபடத்தில் சாலைக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டிலிருந்து தொடங்கச் சொல்லியிருந்தது. அதனால் கீழ்வீட்டுக்கு முதலில் போனேன். குழந்தைகளை எடை போட்டேன், கிழவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்த்தேன். கிளம்பும்போது ஓர் ஆட்டைப் பிடித்துக் கையில் கயிற்றைக் கொடுத்தார்கள். வேண்டாம் என்றால் வருத்தப்படுவார்களே என்று வாங்கிக்கொண்டேன்.

மேல்வீட்டில் முகம் கொடுத்தே பேசவில்லை. "கீழ போயிட்டுத்தான் மேல வர்றீங்களா?" என்றார் அந்த வீட்டுத் தலைவர் கயத்தானு. நாற்பது வயதிருக்கும், காப்பித் தோட்டக்காரர், மீசைக்கு நடுவில் சிரிப்பை ஒளித்து வைத்திருப்பவர். அப்புறம் மனம் இளகி, "எங்க வீட்டுல சாப்பிடாம யாருக்கும் ஊசி போடக் கூடாது, உக்காருங்க" என்று பன்றிக்கறி போட்டார். சாப்பிட்டு எழுந்ததும் அவர் மனைவி ஒரு நெய்த சால்வையைக் கொண்டுவந்து தோளில் போர்த்தினாள். சால்வை போர்த்தினால் மரியாதை என்றுதானே நாம் நினைப்போம்? கும்பிட்டுவிட்டு வந்தேன்.

நிலையத்தில் செவிலி சுல்மிரா என்னையும் ஆட்டையும் சால்வையையும் மாறி மாறிப் பார்த்தாள். "டாக்டர், பொண்ணு எடுத்தவங்கதான் ஆடு குடுப்பாங்க. பொண்ணு குடுத்தவங்கதான் துணியும் பன்னியும் குடுப்பாங்க. நீங்க ரெண்டையும் வாங்கிட்டு வந்திருக்கீங்க."

"அதனால?"

"அதனால கீழ்வீட்டுக்கு நீங்க மாமன். மேல்வீட்டுக்கு மாப்பிள்ளை. வாழ்த்துகள்."

அவள் கிழக்குக் கடற்கரைக்காரி, எல்லாவற்றையும் கேலியாகச் சொல்வாள். நிஜமா பொய்யா தெரியவில்லை. கியூபாவில் படித்த காலத்தில் வீடு வீடாகப் போயிருக்கிறோம். அங்கே காப்பி கொடுத்தார்கள், உறவு கொடுக்கவில்லை.

ஒரு விஷயம் மட்டும் கவலை. கயத்தானுவின் தங்கை பிரிஜிதா கீழ்வீட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஏழாம் மாதம். கால் வீங்கியிருக்கிறது, ரத்த அழுத்தம் அதிகம். மாத்திரை கொடுத்திருக்கிறேன். இவளை மழைக்கு முன்னால் கீழே அனுப்பியாக வேண்டும்.

அகாபிட்டோ


டிலி
அக்டோபர் 17

தம்பி,

கோபத்தை முதல் வரியோடு முடிப்பதாகச் சொல்லிவிட்டு இரண்டு பக்கமும் அதைத்தான் எழுதியிருக்கிறாய். பரவாயில்லை, உன் கையெழுத்தாவது பார்க்கக் கிடைத்தது. லாரிக்காரர் கொண்டுவந்த உறையில் காப்பிக்கொட்டை வாசனை அடித்தது.

உனக்கு ஒன்று சொல்கிறேன், இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவின் கடைசி வாரத்தில் நீ கியூபாவில் இருந்தாய். காலில் புண் சீழ் வைத்திருந்தது. சுகாதார நிலையம் கூப்பிடு தூரம். "இந்த நாத்தத்தோட எப்படிடி வரிசையில உக்காருவேன்? பக்கத்துல இருக்குறவ மூக்கப் பொத்திக்குவாளே" என்று சொல்லிவிட்டுக் கதவை மூடிப் படுத்துக்கொண்டாள். நான் வெளியூர் வேலையிலிருந்து வந்தபோது காய்ச்சலில் என்னையே அடையாளம் தெரியவில்லை. ஒரு டாக்டர் அந்தக் கதவைத் தட்டியிருந்தால் அம்மா இருந்திருப்பாள். என் திட்டத்தில் நான் எழுதியது அவ்வளவுதான், டாக்டர் கதவைத் தட்ட வேண்டும். மீதியெல்லாம் நிபுணர்கள் சேர்த்தது. நீ நன்றாகக் கதவு தட்டுவாய் என்றுதான் உன்னை அனுப்பினேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் ஆடும் சால்வையும் என்ன கூத்து? அரசு ஊழியர் அன்பளிப்பு வாங்கக் கூடாது என்று நீ கையெழுத்துப் போட்ட தாளிலேயே இருக்கிறது. டாக்டர் எல்லா வீட்டுக்கும் பொது. ஒரு வீட்டுக்கு மாமனாகவும் இன்னொரு வீட்டுக்கு மாப்பிள்ளையாகவும் இருந்தால் நாளை ஊசி போடுவதற்குக்கூட முறை பார்ப்பார்கள். இரண்டையும் திருப்பிக் கொடு. மரியாதையாக, நன்றி சொல்லி, சிரித்த முகத்தோடு கொடு. ஆடு உயிரோடுதானே இருக்கிறது?

பிரிஜிதாவைப் பற்றி எழுதினாயே, அவளைத் தாமதம் செய்யாமல் தங்கும் வீட்டுக்கு அனுப்பு. அந்த வீடு கட்டியதே அவளைப் போன்றவளுக்காகத்தான்.

அக்கா ஒலாந்தினா


ஹத்துமேரா
அக்டோபர் 30

அக்காவுக்கு,

ஆடு உயிரோடு இல்லை. உன் கடிதம் வருவதற்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்து நானும் சுல்மிராவும் லாரிக்காரரும் சேர்ந்து அதைச் சாப்பிட்டுவிட்டோம். தோல்தான் இருக்கிறது. தோலைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று எந்த விதியிலும் இல்லை.

சால்வையைத் திருப்பினேன். நீ சொன்னபடி, நன்றி சொல்லி, சிரித்த முகத்தோடு. போதாததற்கு அதைத் துவைத்து, மடித்து வேறு கொண்டுபோனேன். துணியைத் திருப்பினால் தவறில்லையே என்று சுல்மிராவிடம் கேட்டேன். "எங்க பக்கம் திருப்பிக் குடுத்தா, 'பத்திரமா வச்சிருங்க, அப்புறம் வாங்கிக்கிறேன்'னு அர்த்தம்" என்றாள். அவள் பக்கம் அப்படி. இந்தப் பக்கம் அப்படி இல்லை.

கயத்தானு கையை நீட்டவில்லை. அவர் மனைவி என் கையிலிருந்த மடிப்பைப் பார்த்தாள், பார்த்ததும் சாவு வீட்டில் அழுவதுபோல் அழத் தொடங்கினாள். உள்ளேயிருந்து இன்னும் நாலு பெண்கள் ஓடிவந்து கூடச் சேர்ந்து அழுதார்கள். எனக்கு யார் செத்தார்கள் என்றே புரியவில்லை.

"ஏன் அழறாங்க?" என்று கேட்டேன்.

"நீங்க செத்துட்டீங்க, டாக்டர்" என்றார் கயத்தானு. "எங்க வீட்டுக்கு. துணியத் திருப்பிக் குடுக்குறவன் உறவ அறுத்துட்டுப் போறான். அதுவும் சோப்புப் போட்டுத் தோச்சு, எங்க வாசன கூட ஒட்டக் கூடாதுன்னு. இவ்ளோ சுத்தமா எங்கள யாரும் அறுத்ததில்ல."

நான் சால்வையை வேலியில் போட்டுவிட்டு வந்தேன். வேறு என்ன செய்வது? அன்றிலிருந்து மேல்வீட்டில் கதவு திறப்பதில்லை. நான் தட்டுகிறேன், உள்ளே பேச்சு நின்றுபோகிறது. போன வாரம் காய்ச்சல் கண்ட அவர்கள் குழந்தையைப் பின்வாசல் வழியாகச் சுல்மிராவிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள். கீழ்வீட்டிலும் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். "எங்க மாமன் வீட்டையே வேண்டாம்னவரு எங்களுக்கு என்ன முறை? எங்க ஆடு எங்க?" என்று கேட்கிறார்கள். நான் இப்போது யாருக்கு யார் என்று எனக்கே தெரியவில்லை. ஊருக்கு நடுவில் தராசோடு நிற்கிறேன்.

சிரிக்காதே. பிரிஜிதாவின் அழுத்தம் இன்னும் ஏறியிருக்கிறது. மாத்திரையை இரட்டிப்பாக்கினேன். தங்கும் வீட்டுக்கு அனுப்புங்கள் என்று அவள் கணவன் ஃப்ளோரிண்டுவிடம் சொன்னேன். நல்லவன், பயந்தவன். "அவங்க அண்ணன் ஒரு வார்த்தை சொல்லட்டும் டாக்டர், இப்பவே தூக்கிக்கிட்டு ஓடுறேன். அவர் சொல்லாம அனுப்பிட்டு, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாங்க இந்த ஊருல எப்படி முழிப்போம்?" என்கிறான். அண்ணனோ எனக்குக் கதவே திறப்பதில்லை. பிரசவ அறையைத் திறந்துகொள்ளட்டுமா என்று கேட்கலாம் என்றால், இது அந்த அறையில் தீரும் விஷயமும் இல்லை. அறுவை தேவைப்படலாம், ரத்தம் தேவைப்படலாம்.

என்ன செய்வது, சொல். திட்டத்தில் தேடிப் பார்த்தேன், இல்லை.

அகாபிட்டோ


டிலி
நவம்பர் 8

தம்பி,

கல்லறைத் திருநாளன்று அம்மாவுக்கு நான் மட்டும் போய்ப் பூப்போட்டுவிட்டு வந்தேன். உன் பெயரிலும் ஒரு மெழுகுவர்த்தி. அங்கே உட்கார்ந்து உன் கடிதத்தை மறுபடி படித்தேன். திருப்பிக் கொடு என்று சொன்னவள் நான்தான். டிலியில் பிறந்து, சண்டைக் காலத்தில் ஓடி, ஒளிந்து, படித்து வளர்ந்தோம். அப்பாவின் குலவீடு எந்த மலையில் என்றுகூட நமக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. நமக்கு எப்படித் தெரியும்?

ஆனாலும் ஒரு பெண்ணின் உயிர் அவள் அண்ணன் வாயில் தொங்குகிறது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சட்டப்படி முடிவு அவளுடையது. திங்கட்கிழமைக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். வெளிநாட்டு நிபுணர் ஒருவர், "அந்த வீட்டின் தலைவர் யார்?" என்று கேட்டார். கணவன் என்றேன். "அப்படியென்றால் ஏன் அண்ணன்?" என்றார். பெண் கொடுத்த வீடு என்றேன். பெண்ணுக்குக் கொடுத்த பணம் என்று எடுத்துக்கொண்டார். "அந்தத் தொகைக்கு நம் படிவத்தில் கட்டம் இல்லையே" என்றார். தொகை இல்லை, வீடு என்றேன். அதற்கப்புறம் எல்லோரும் டீ குடித்தோம்.

இத்துடன் ஊர்த் தலைவருக்கு ஓர் உத்தரவு வைத்திருக்கிறேன். அலுவலக முத்திரை, என் கையெழுத்து. ஆபத்தான கர்ப்பிணிகளைக் கீழே அனுப்பத் தடை சொல்பவர் யாராயிருந்தாலும் பொறுப்பேற்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். ஊர் கூட்டிப் படிக்கச் சொல்.

இன்னொரு விஷயம், இப்போதைக்கு உன்னோடு இருக்கட்டும். டிலி குழந்தைகள் பிரிவில் மறுபடி ஓர் இடம் காலியாகிறது. உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். டிசம்பரில் உத்தரவு வந்துவிடும் என்று நினைக்கிறேன். உனக்குச் செய்ததற்கு ஈடாக இருக்கட்டும்.

ஒலாந்தினா


ஹத்துமேரா
நவம்பர் 19

அக்கா,

லாரி நிற்கிறது. வேகமாக எழுதுகிறேன்.

உன் உத்தரவை ஊர் கூட்டிப் படித்தார்கள். ஊர்த் தலைவர் முத்திரையை எல்லோருக்கும் காட்டினார். கயத்தானு எழுந்து வந்து அதை விரலால் தடவிப் பார்த்தார். "நல்ல முத்திரை. இது எங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார். கூட்டம் சிரித்தது. பிரிஜிதாவின் கணவன் தலையைக் குனிந்துகொண்டான்.

நேற்று பிரிஜிதாவுக்குத் தலைவலி தொடங்கிவிட்டது. கண்ணுக்கு முன்னால் மின்மினி பறக்கிறது என்கிறாள். இது எதற்கு முன்னால் வரும் என்று உனக்கும் தெரியும். வலிப்பு வந்தால் தாயும் போவாள், பிள்ளையும் போகும். சாயங்காலங்களில் மழை பிடிக்கிறது. ஆறு இன்னும் லாரிக்கு இடுப்பளவுதான்.

எனக்கு வெட்கம், பயம் எல்லாம் போய்விட்டது. மேல்வீட்டுக்கு ஓடினேன். சால்வை நான் போட்ட வேலியிலேயே கிடந்தது. அவர்கள் எடுத்தால் அறுத்ததை ஒப்புக்கொண்டதாக ஆகுமாம், அதனால் யாரும் தொடவில்லை. ஒரு கன்றுக்குட்டி அதன் ஓரத்தை மென்றுகொண்டிருந்தது. அதன் வாயிலிருந்து பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் தட்டினேன். "மாப்பிள்ளை வந்திருக்கேன், திறங்க" என்று கத்தினேன்.

கதவு திறந்தது. கயத்தானு என் தோளில் எச்சில் சொட்டுவதைப் பார்த்தார். மீசை ஆடியது. "கன்னுக்குட்டிகிட்ட சண்ட போட்டு வாங்கிட்டு வந்தீங்களா?" என்றார். உட்காரச் சொன்னார். தாழ்ந்த பலகையில் உட்கார்ந்து, பிரிஜிதாவை அனுப்பச் சொல்லிக் கேட்டேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்.

அப்போதுதான் அவர் சொன்னார். பிரிஜிதாவுக்கு ஓர் அக்கா இருந்தாளாம், மெலிசியா. அவளும் கீழ்வீட்டில்தான் வாழ்ந்தாள். பிரசவ வலியில் அப்போதிருந்த டாக்டர் அவளை வண்டியில் ஏற்றிக் கீழே கொண்டுபோயிருக்கிறார், மேல்வீட்டுக்குச் சொல்லாமலே. பெட்டியில் திரும்பி வந்தாள். "என்ன ஆச்சுன்னு கேக்கப் போனேன். மாசம் முடியறதுக்குள்ள அந்த டாக்டர் டிலிக்கு மாத்தலாகிப் போயிட்டாரு. புது டாக்டரக் கேட்டேன், எனக்குத் தெரியாதுன்னாரு. அதுக்கப்புறம் எத்தன டாக்டர் வந்தாச்சு! யாரக் கேக்குறது? அவ பொறந்த வீடு இது. எங்க பொண்ணு எப்படிச் செத்தான்னு இந்த வீட்டுக்கு இன்னிக்கு வரைக்கும் யாரும் சொல்லல."

அந்த டாக்டர் எனக்கு முன்னால் எப்போதோ இருந்தவர். ஆனால் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான் என்று தோன்றியது.

"நீங்க மாப்பிள்ளைனு ஒத்துக்கிறேன்" என்றார். "ஆனா மாப்பிள்ளை ஒத்த ஆளா வந்து பொண்ணு கேப்பானா? உங்க வீட்டுப் பெரியவங்க யாரு?"

அப்பா இல்லை, அம்மா இல்லை, அக்கா இருக்கிறாள் என்றேன்.

"அப்ப அக்கா வரட்டும். முத்திர வேணாம்."

வா, அக்கா. அமைச்சர் முன்னால் நீ திட்டத்தை விளக்க வேண்டிய வாரம் இது என்று தெரியும். மருந்து ஊசியால் இரண்டு மூன்று நாள் தள்ளிப் பார்க்கிறேன். அதற்கு மேல் என்னால் முடியாது. இதே லாரி திரும்பும்போது ஏறி வா.

அகாபிட்டோ


டிலி
டிசம்பர் 1

தம்பி,

நீ பிரிஜிதாவோடு ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டாய், நான் ஹத்துமேராவிலிருந்து உன்னை மறுபடி பார்க்காமலே டிலிக்கு வந்துவிட்டேன். பார்த்திருந்தால் நேரில் சொல்லியிருப்பேன். பொய். பார்த்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன், அதனால்தான் முதல் லாரியில் ஏறினேன்.

நீ கீழ்வீட்டில் பிரிஜிதாவுக்கு ஊசி போட்டு, லாரியில் மெத்தை விரித்துக்கொண்டிருந்தாய். நான் மேல்வீட்டில் தாழ்ந்த பலகையில் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை வீடு வெறுங்கையோடு வரக் கூடாதென்று கீழ்வீட்டார் எனக்காகக் கொண்டுவந்த ஆடு வாசலில் கத்திக்கொண்டிருந்தது. எனக்குப் பழக்கமே இல்லாத வெற்றிலையை மென்று தலை சுற்றியது. சட்டம், தாய் மரண விகிதம் எல்லாம் பேசத் தயாராக வந்திருந்தேன். கயத்தானு, "சொல்லுங்க அக்கா" என்றதும் அம்மாவின் காலைப் பற்றிச் சொன்னேன். ஏன் என்று தெரியாது. அந்த நாற்றத்தைப் பற்றி, மூடிய கதவைப் பற்றிச் சொல்லி அழுதுவிட்டேன். அவர் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

கயத்தானு, "தாய்க்கோ புள்ளைக்கோ ஒண்ணு ஆச்சுன்னா நான் எந்த வாசலுக்கு வந்து கேக்குறது?" என்றார்.

"எங்க வீட்டு வாசலுக்கு வாங்க. டிலியில என் ஆபீஸுக்கு வாங்க."

"உங்க ஆபீஸ் வாசல்ல காவல்காரன் நிக்கிறானே அக்கா. செருப்பு இல்லாதவன உள்ள விடுவானா?"

விடமாட்டான். எனக்குத் தெரியும்.

"உங்க தம்பி இங்கயே இருப்பாரா? போனவரு மாதிரிப் போயிடுவாரா? அத மட்டும் சொல்லுங்க."

என் பையில் உன் டிலி உத்தரவு இருந்தது, அகாபிட்டோ. எதிர்பார்த்ததைவிட முன்னாலேயே வந்துவிட்டது. பிரிஜிதா விஷயம் முடிந்ததும் உன் கையில் கொடுத்து, உன் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும் என்று கொண்டுவந்திருந்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டு, "இருப்பான்" என்று சொன்னேன்.

"உங்க வீட்டு வார்த்தையா?"

"எங்க வீட்டு வார்த்தை."

அவர் உடனே எழுந்தார். கதவைத் திறந்துகொண்டு, ஓட்டமும் நடையுமாகக் கீழ்வீட்டுக்கு இறங்கினார். மீதி உனக்குத் தெரியும், அவரே தங்கையைத் தூக்கி லாரியில் வைத்ததாகச் சொன்னார்கள். "செய்தி வர்ற வரைக்கும் நீங்க எங்க வீட்டுல இருங்க" என்று என்னை நிறுத்திக்கொண்டார்கள். பிணையாக வைத்தார்களா, விருந்தாளியாக வைத்தார்களா என்று இன்னும் புரியவில்லை. சோளமும் பயறும் போட்டார்கள், நன்றாகத் தூங்கவும் விட்டார்கள். தாயும் பெண்குழந்தையும் பிழைத்தார்கள் என்று ஆள் ஓடி வந்தபோது கயத்தானு என் முன்னாலேயே தரையில் உட்கார்ந்து அழுதார்.

அமைச்சர் கூட்டத்துக்கு நான் போகவில்லை. என் இடத்தில் நிபுணர் விளக்கியிருக்கிறார். ஹத்துமேராவில் ஆபத்தான கர்ப்பிணி ஒருவர் திட்டத்தின்படி உரிய நேரத்தில் அனுப்பப்பட்டார் என்று எங்கள் அறிக்கையில் இருக்கிறது. திட்டத்தின்படியா? எனக்கே தெரியவில்லை. எல்லோரும் கை தட்டினார்களாம்.

வந்ததும் நீ அந்த இடத்தை மறுத்துவிட்டதாக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டாம் தடவை உன் வாழ்க்கையில் நான் கையெழுத்துப் போடுகிறேன். முதல் தடவை திட்டத்துக்காக என்று ஒரு நியாயம் வைத்திருந்தேன். இந்தத் தடவை அவர் முகத்தைப் பார்த்து வேறெதுவும் சொல்ல வரவில்லை. மன்னிப்பாயா என்று கேட்கத் துணிவில்லை.

அக்கா


ஹத்துமேரா
டிசம்பர் 12

அக்கா,

உன் கடிதம் வரும் முன்பே விஷயம் எனக்குத் தெரியும். நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றே கயத்தானு ஆள் அனுப்பினார். பிள்ளை பெற்றவள் நெருப்புப் பக்கத்தில் உட்கார வேண்டுமே, அதற்கு விறகு பிளப்பது மாப்பிள்ளை வேலையாம். கோடரியைக் கையில் கொடுத்துவிட்டு, "நிறையப் பொளங்க மாப்பிள்ளை. இங்கயே இருக்கப் போறவரு, அடுத்த புள்ளைக்கும் ஆகும்ல" என்றார். அவரைப் பார்த்துச் சிரித்தேன். அப்புறம் உள்ளங்கை கிழியும்வரை பிளந்தேன். ஒவ்வொரு கட்டையும் நீ என்று நினைத்துக்கொண்டேன். முகத்துக்கு நேராகச் சொல்கிறேன், உன்மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

ஆனால் லாரியில் நடந்த ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும்.

ஆற்றைத் தாண்டும் வரை பிரிஜிதா கண்ணை மூடியிருந்தாள். ஃப்ளோரிண்டு அவள் தலையை மடியில் வைத்திருந்தான். நான் ஊசி மருந்துப் பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலிப்பு வந்துவிடக் கூடாதே என்று தெரிந்த ஜெபமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கரை ஏறியதும் கண்ணைத் திறந்தாள்.

"டாக்டர், எங்க அண்ணனக் கேட்டீங்க. எங்க வீட்டுக்காரரக் கேட்டீங்க. டிலியிலேர்ந்து உங்க அக்காவ வரவச்சீங்க. என்னை ஒருத்தரும் கேக்கலையே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தனை தடவை அந்த வீட்டுக்குப் போனேன், அழுத்தம் பார்த்தேன், வீக்கம் பார்த்தேன், மின்மினி தெரிகிறதா என்று கேட்டேன். போகலாமா என்று கேட்டதில்லை. உன் சட்டத்தில் முடிவு அவளுடையது என்று எழுதியிருக்கிறதே, நீயும் கேட்கச் சொல்லவில்லை.

"தப்புத்தாம்மா. கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"வர மாட்டேன்னு சொல்லியிருப்பேன்."

ஃப்ளோரிண்டு திகைத்துப்போய் என்னைப் பார்த்தான். "அப்ப கேக்காததே நல்லதாப் போச்சு" என்றேன் நான்.

"இல்ல டாக்டர். எங்க மெலிசியா அக்கா இந்த வழியாத்தான் போனா. எனக்குப் பயம் இருக்காதா? மாட்டேன்னு சொல்லி ஒரு பாட்டம் அழுதிருப்பேன். மறுபடி கேட்டிருந்தா வந்திருப்பேன். இப்ப காப்பி மூட்ட மாதிரித் தூக்கிப் போட்டுட்டீங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். அப்புறம், "லாரிய நிறுத்தச் சொல்லுங்க, ஒண்ணுக்குப் போகணும்" என்றாள்.

நிறுத்தினோம். அவளைப் பிடித்து இறக்கி, மறைவாக நின்று, மறுபடி ஏற்றும் முன், "பிரிஜிதா, ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?" என்று கேட்டேன். ஆறு பின்னால் இரைந்துகொண்டிருந்தது, திரும்பிப் போகவும் வழியில்லை. அந்த நேரத்தில் அது என்ன கேள்வி என்று நீ நினைக்கலாம். அவள் யோசித்தாள், அக்கா. நிஜமாகவே யோசித்தாள். "போலாம்" என்று சொல்லித் தானே காலைத் தூக்கி வைத்தாள்.

அறுவை செய்துதான் குழந்தையை எடுத்தார்கள். சின்னஞ்சிறு பெண், கோழிக்குஞ்சு கனம்தான், ஆனால் நன்றாகப் பால் குடிக்கிறாள். இவர்களைக் காப்பாற்றியது உன் திட்டமா, கீழ்வீட்டு ஆடா, நீ சொன்ன பொய்யா, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உன் நிபுணருக்குத் தெரிந்தால் கேட்டுச் சொல்.

என் விஷயம். நீ என்னைக் கேட்டிருந்தால் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். கயத்தானு தங்கையை அனுப்பியிருக்க மாட்டார். அப்படிப் பார்த்தால் நீ கேட்காததுதான் சரி. பிரிஜிதாவை நினைத்தால் அது சரியில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு பத்து நாளாக விறகு பிளக்கிறேன்.

அதனால் நீ ஒன்று செய். வார்த்தை கொடுத்ததை மறந்துவிடு, அலுவலகத்தில் எழுதிக் கொடுத்ததையும் மறந்துவிடு. "தம்பி, நீ ஹத்துமேராவிலேயே இருக்கிறாயா?" என்று என்னைக் கேட்டு ஒரு கடிதம் எழுது. நான் மாட்டேன் என்று பதில் போடுவேன். வாய்க்கு வந்தபடியெல்லாம் திட்டியும் எழுதுவேன். படித்துவிட்டு மறுபடி கேள்.

அகாபிட்டோ